இரண்டு சைபர் கொடுத்த சம்பளம்

2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் சைதாப்பேட்டை நீதிமன்றத்திலும், பனகல் மாளிகையிலும், ஏன், நாட்டின் பெரும்பாலான அரசு அலுவலகங்களிலும் ஒரு சின்னத் திருத்தம் நடந்துகொண்டிருந்தது. அச்சடித்து அடுக்கிவைத்த படிவங்களில் தேதி போடும் இடத்தில் '19' என்று முன்பே அச்சாகியிருக்கும். அடுத்த இரண்டு எண்ணுக்குப் புள்ளிக்கோடு. குமாஸ்தா அந்த 19-ஐப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் 2000 என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காகிதத்தில் இரண்டு விநாடி வேலை. இதே திருத்தத்தை உலகத்துக் கம்ப்யூட்டர்களில் செய்து முடிக்க 30,000 கோடி டாலரிலிருந்து 60,000 கோடி டாலர் வரை ஆகும் என்று அமெரிக்காவின் கார்ட்னர் நிறுவனம் மதிப்பிட்டிருந்தது.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு சென்னைக்கு வந்தது. சைதாப்பேட்டை, மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் என்று மின்சார ரயில் பாதையை ஒட்டிய குமாஸ்தாக் குடும்பங்களிலும் வாத்தியார் குடும்பங்களிலும் முதல்முறையாக ஒருவர் பாஸ்போர்ட் எடுத்தது அந்தச் சில வருஷங்களில்தான். டாலர் என்ன விலை என்று மளிகைக் கடையில்கூடப் பேசினார்கள்.

இன்றைய இருபது வயதுக்காரர்களிடம் ஒய்2கே, அதாவது 2000-ஐக் கம்ப்யூட்டர் வெறும் 00 என்று படிக்கும் சிக்கல், என்றால், அது ஏதோ புரளி, ஒன்றும் நடக்கவில்லையே என்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. ஏன் நடக்கவில்லை, வரப்போவது யாருக்கு முதலில் தெரிந்தது, அவர்கள் பேச்சை எவ்வளவு காலம் யாரும் காதில் வாங்கவில்லை என்பதெல்லாம் தனிக் கதை. அபாயத்தை அன்றாட வேலையில் முதலில் பார்த்தவர்கள் பெரிய கம்ப்யூட்டர் மேதைகள் அல்ல. கம்பெனியில் யாருக்கும் பிடிக்காத பராமரிப்பு வேலையில் இருந்த மெயின்பிரேம் புரோகிராமர்கள். சென்னைப் பிள்ளைகள் உலகச் சந்தைக்குள் நுழைந்ததும் அதே பின்வாசல் வழியாகத்தான்.

எண்பது கட்டம்

மறைமலை அடிகள் பாலத்தைத் தாண்டினால் சின்னமலை, அதற்கப்பால் ராஜ்பவன், ஐஐடி. அந்த ஐஐடி வளாகத்தில் 1973-ல் ஐபிஎம் 370/155 என்ற மெயின்பிரேம் ஓடத் தொடங்கியது. ஒரு பெரிய கூடத்தை அடைத்துக்கொள்ளும் எந்திரம். பேராசிரியர் மகாபலா அங்கே கம்ப்யூட்டர் மையத்தைக் கட்டி வளர்த்தார். புரோகிராம் எழுதுகிறவர் எந்திரத்தைத் தொட முடியாது. துளையிட்ட அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு ஜன்னலில் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் பிழைச் செய்தியோடு தாள்கட்டு திரும்பி வரும், மறுபடி வரிசை.

ஓர் அட்டைக்கு எண்பது கட்டம். பெயர், கணக்கு எண், தொகை, தேதி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதில் 19 என்று ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு கட்டத்தை யார் விரயம் செய்வார்கள்? அறுபதுகளில் உலகமெங்கும் விற்ற ஐபிஎம் 1401 எந்திரத்தின் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்து. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதில் கொள்ளாது. ஆகவே 1968 என்பது 68 ஆனது. இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அதுதான் கெட்டிக்காரத்தனம். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பே 1968-ல், துறைகளுக்கிடையே தகவல் பரிமாறும்போது வருஷத்துக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, நாளுக்கு இரண்டு என்று ஆறு எண்ணில் தேதி எழுதலாம் என விதி போட்டது. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பன், இளமையில் தானும் அப்படிப்பட்ட புரோகிராம்களை எழுதியதாகவும், இடத்தை மிச்சம் பிடித்ததில் அப்போது பெருமைப்பட்டதாகவும் 1998-ல் செனட் குழுமுன் ஒப்புக்கொண்டார்.

வருஷத்தைச் சுருக்கி எழுதிவிட்டு அவதிப்படுவது நமக்கும் பழக்கமானதுதான். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர், திரும்பவும் பிரபவ. தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. 1936-லும் ஒரு தாது வந்தது, 1996-லும் வந்தது. வெறும் வருஷப் பெயர் மட்டும் உள்ள ஓலையோ கல்வெட்டோ கிடைத்தால் எந்தச் சுற்றுத் தாது என்று ஆய்வாளர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். கவனமாக எழுதியவர்கள் சக ஆண்டையோ கலியுக ஆண்டையோ கூடவே பொறித்தார்கள். மெயின்பிரேம்காரர்களுக்கு அந்தக் கவனம் வர முப்பது வருஷம் பிடித்தது.

அட்டைகள் போன பிறகும் அட்டையின் பழக்கம் போகவில்லை. கோபோல் மொழியில் எழுதப் பழகியவர்களுக்குத் தெரியும்: ஏழாவது கட்டத்தில் நட்சத்திரம் போட்டால் அந்த வரி குறிப்பு; எட்டாவதில் ஒரு வகை வரி தொடங்கும், பன்னிரண்டாவதில் இன்னொரு வகை; எழுபத்திரண்டைத் தாண்டக்கூடாது. திரையில் எழுதும்போதும் இதே சட்டம்தான். இன்று என்ன தேதி என்று புரோகிராம் எந்திரத்தைக் கேட்டால், பழைய கோபோல் ஆறே எண்ணைத்தான் திருப்பிக் கொடுக்கும். நூற்றாண்டு எது என்று கேட்க அந்த மொழியில் வழியே இல்லாமல் இருந்தது.

ஐம்பதில் பிறந்தவர் தப்பித்தார்

எச்சரிக்கை 1999-ல் வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பாப் பெமர் என்ற ஐபிஎம் புரோகிராமர் 1958-லேயே இதைப் பார்த்துவிட்டார். வம்சாவளிப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஒரு வேலையில் இருந்தபோது, இரண்டு எண் வருஷம் தலைமுறைகளுக்குப் போதாது என்று தெரிந்தது. 1971-லும் 1979-லும் கட்டுரை எழுதிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. 1984-ல் முர்ரே தம்பதி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். அதற்கும் அதே கதி.

ஆனால் உண்மையான எச்சரிக்கை புத்தகத்தில் வரவில்லை, அன்றைய கணக்குகளை மொத்தமாக எந்திரத்தில் ஓட்டும் இரவு ஓட்டத்தில் வந்தது. வங்கிகளில் முப்பது வருஷ வீட்டுக் கடன் கணக்கை எழுதியவர்கள் 1970-லேயே முட்டிக்கொண்டார்கள்: கடைசித் தவணை 2000-ல் விழும், எந்திரத்துக்கோ அது 00. அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் துறை எதிர்காலத் தேதிகளில் இடறிவிழுந்து, 1989-லேயே திருத்த வேலையைத் தொடங்கியது. நிதி ஆண்டு, காப்பீட்டு முதிர்வு, ஓய்வூதியம் என்று எங்கெல்லாம் கணக்கு முன்னோக்கிப் போகிறதோ அங்கெல்லாம் 2000 சீக்கிரமே வந்துவிட்டது.

இந்தத் தவறின் குணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1945-ல் பிறந்த ஒருவரின் வயதை 2000-ல் கணக்கிட எந்திரம் 00-இலிருந்து 45-ஐக் கழிக்கும். விடை மைனஸ் 45. கோபோலில் குறி இல்லாத கட்டத்தை ஒதுக்கியிருந்தால் அந்த மைனஸ் விழுந்துவிடும். திரையில் வயது 45 என்று நிற்கும். ஐம்பத்தைந்து வயதுக்காரரைப் பத்து வருஷம் இளையவராக்கிவிட்டு எந்திரம் மேலே போய்க்கொண்டே இருக்கும். அலறாது, நிற்காது. 1950-ல் பிறந்தவருக்கு விடை 50 என்று வரும், அதுவோ சரியான வயது! அவரை வைத்துச் சோதித்தவர் புரோகிராம் நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்துவிடுவார். புரோகிராம் இடையில் செத்து நின்றால் கவலையில்லை. மெயின்பிரேம்காரர் அதை அபெண்ட் என்பார், எஸ்-சைபர்-சி-செவன் என்ற குறியைப் பார்த்ததும் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ இருக்கிறது என்று பிடித்துவிடுவார். நம்பும்படியான பொய் விடைதான் அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது.

வேறு சில்லறை அடையாளங்களும் இருந்தன. வருஷத்தில் 99 என்று போட்டால் 'காலாவதியே கிடையாது' என்று பல இடங்களில் வழக்கம். காந்த நாடாக்களில் 99365 என்று குறித்தால், அதாவது 1999-ன் கடைசி நாளைப் போட்டால், இந்த நாடாவை என்றைக்கும் அழிக்காதே என்று பொருள். என்றைக்கும் என்பதற்கே தேதி குறித்துவிட்டார்கள்! தேதிவாரியாக அடுக்கச் சொன்னால் 00 என்ற புத்தம்புதுப் பதிவு 99-க்கு முன்னால் போய் உட்காரும். 2000 லீப் வருஷமா இல்லையா என்பதிலும் குழப்பம். நூறால் வகுபடும் வருஷம் லீப் அல்ல என்ற அரைகுறை விதியை மட்டும் படித்தவர்கள் பிப்ரவரி 29-ஐ அழித்துவிட்டிருந்தார்கள். நானூறால் வகுபட்டால் லீப் என்ற மிச்ச விதி அவர்களுக்கு எட்டவில்லை.

பொதுமக்கள் கண்ணில் பட்டவை வேடிக்கைச் செய்திகளாக வந்தன. 1992-ல் அமெரிக்காவின் வினோனா என்ற ஊரில் நூற்று நான்கு வயது மூதாட்டிக்கு மழலையர் பள்ளியில் சேர அழைப்பு வந்தது. அவர் பிறந்தது 88-ல், அதாவது 1888-ல். 1997-ல் மிச்சிகனில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வழக்குப் போட்டார்: காலாவதி 00 என்று உள்ள கிரெடிட் கார்டைத் தேய்த்தால் அவருடைய கல்லா எந்திரங்கள் அத்தனையும் படுத்துவிட்டன. ஒய்2கே பற்றிய முதல் வழக்கு அதுதான். 1996 டிசம்பர் 31 நள்ளிரவில் நியூசிலாந்தின் டிவாய் பாயின்ட் அலுமினிய ஆலையில் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒருசேர நின்றன. அது லீப் வருஷம். 366-ஆம் நாளை அந்தப் புரோகிராமுக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, அங்கே நள்ளிரவு வந்ததும், டாஸ்மேனியாவின் ஆலையிலும் அதே. இது ஒய்2கே அல்ல, ஆனால் ஒரே நொடியில் எல்லாம் சேர்ந்து விழும் என்பதற்கு ஒத்திகை.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். சொன்னார்கள். கம்ப்யூட்டர் துறையில் ஒரு வர்ணாசிரமம் உண்டு. புது சிஸ்டம் எழுதுகிறவர் மேலே, பழசை ஒட்டுப்போடுகிறவர் கீழே. ராத்திரி மூன்று மணிக்கு போன் வந்தால் எழுந்து போகவேண்டியவர் கீழே இருப்பவர்தான். அவர் போய், இன்னும் பதினைந்து வருஷத்தில் இது உடையும், இப்போதே பணம் ஒதுக்குங்கள் என்றால், எந்த மேலாளர் ஒதுக்குவார்? செலவு செய்து முடித்தபின் புதிதாகக் காட்ட ஒன்றும் இருக்காது. நேற்றுபோலவே இன்றும் ஓடும், அவ்வளவுதான் பலன். தவிர, இந்தப் புரோகிராம் 2000 வரையா இருக்கப்போகிறது என்று எழுதியவரே நம்பினார். 1993 செப்டம்பரில் கனடாவின் பீட்டர் டி யாகர் 'கம்ப்யூட்டர்வேர்ல்டு' பத்திரிகையில் 'டூம்ஸ்டே 2000' என்று எழுதி, பிறகு மேடை மேடையாகப் பேசிய பின்தான் இயக்குநர் குழுக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. தணிக்கையாளர்களும் வக்கீல்களும் உள்ளே வந்ததும் பணம் பெருகியது. புரோகிராமர் சொன்னால் நம்பாததை வக்கீல் சொன்னால் நம்புவார்கள் போலும்.

தி.நகரில் ஒரு மணி நேர மெயின்பிரேம்

பழைய மெயின்பிரேம்கள் குறைவாக இருந்த நாட்டுக்கு இந்த வேலை எப்படி வந்தது? ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுப்போன எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அரசின் சிஎம்சி நிறுவனம் வந்தது. வங்கிகளிலும் எல்ஐசியிலும் கம்ப்யூட்டரை நுழையவிடக்கூடாது என்று தொழிற்சங்கங்கள் போராடின. அதனால் திருத்தவேண்டிய பழைய புரோகிராம்கள் நம்மிடம் அதிகம் சேரவில்லை. ஊரார் வீட்டு அழுக்கைத் துவைக்கத்தான் நமக்குக் கை காலியாக இருந்தது.

எண்பதுகளின் இறுதியில் டாட்டா கன்சல்டன்சி சென்னையில் ஐபிஎம் 3090 மெயின்பிரேமை நிறுவியது. அந்த நாளில் அந்தக் கம்பெனியின் அளவுக்கு அது துணிச்சலான முதலீடு. அமெரிக்க வாடிக்கையாளரிடம் இருக்கும் அதே வகை எந்திரத்தில் இங்கிருந்தே வேலை செய்து காட்டலாம் என்ற கணக்கு. 1994-ல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் உள்பிரிவாகச் சென்னையில் தொடங்கியது பின்னாளில் காக்னிசன்ட் ஆனது. அதை முதலில் நடத்தியவர் இலங்கையில் பிறந்த குமார் மகாதேவா. ஒய்2கே வேலை அதன் ஆரம்ப வருமானத்தில் பெரும் பங்கு. 1998 ஜூனில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பங்கு வெளியிடும் அளவுக்கு வளர்ந்தது. செயற்கைக்கோள் இணைப்பு வந்திருந்தது. சென்னையில் காலை பத்தரை என்றால் குளிர்காலத்தில் நியூயார்க்கில் நள்ளிரவு. அங்கே எந்திரம் சும்மா கிடக்கும் நேரத்தில் இங்கே ஆள் விழித்திருக்கிறான். பூமி சுற்றுவதைக் காசாக்கிய தொழில் இது.

ஆள் எங்கிருந்து கிடைத்தது? புதன்கிழமை 'இந்து'வோடு வரும் வேலைவாய்ப்பு இணைப்பை அன்று வீட்டில் எல்லோரும் படித்தார்கள். தி.நகரில் எஸ்எஸ்ஐ, ஊர் முழுக்க என்ஐஐடி, ஆப்டெக், இன்னும் பெயர் மறந்துபோன பல பயிற்சிக் கூடங்கள். கோபோல், ஜேசிஎல், விசாம், சிஐசிஎஸ், டிபி2 என்ற வரிசையை மந்திரம்போல ஒப்பித்த காலம். மெயின்பிரேம் ஒன்றும் மேசைக் கம்ப்யூட்டர் அல்ல, கடையில் வாங்கிவைக்க. ஆகவே பல இடங்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த நேரத்தை மாணவர்களுக்குப் பங்குபோட்டார்கள். மிச்ச நேரம் நோட்டுப் புத்தகத்தில் புரோகிராம். பி.காம். படித்தவர், இயற்பியல் எம்.எஸ்சி., சிவில் என்ஜினீயர், எல்லாரும் சேர்ந்தார்கள். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய்வந்த கதை அந்தத் தலைமுறையில் பல வீடுகளில் உண்டு.

சேர்ந்தபின் கிடைத்த வேலையில் கவர்ச்சி என்று எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. முன்பின் தெரியாத ஓர் அமெரிக்கர் அறுபதுகளில் எழுதிய புரோகிராம். அதில் தேதி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடவேண்டும். பெயரிலேயே தேதி என்று இருந்தால் கருவியே பிடித்துக் கொடுத்துவிடும். எழுதியவர் தன் மனைவி பெயரையோ நாயின் பெயரையோ வைத்திருந்தால் கண்ணால் படித்துத்தான் பிடிக்க வேண்டும். சில இடங்களில் மூலப் புரோகிராமே தொலைந்துபோய், ஓடும் வடிவம் மட்டும் இருந்தது. ஒரு வரிக்கு ஒரு டாலர் சொச்சம் செலவு என்று அமெரிக்காவில் கணக்கிட்ட வேலையை நாம் அதைவிட மலிவாகச் செய்தோம்.

திருத்துவதில் மூன்று வழி. இரண்டு எண்ணை நான்காக விரிப்பது சுத்தமான வழி, ஆனால் கோப்பு, அறிக்கை, திரை எல்லாம் மாறவேண்டும், செலவு அதிகம். இரண்டாவது, ஜன்னல் வைப்பது: 00 முதல் 49 வரை வந்தால் 2000-கள், 50 முதல் 99 வரை வந்தால் 1900-கள் என்று புரோகிராமுக்குள் ஒரு எல்லைக்கோடு போட்டுவிடுவது. மலிவு, வேகம், ஆகவே எங்கும் இதுவே. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நாள்காட்டி இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வரும். 2000-த்துக்கும் 1972-க்கும் கிழமைகள் ஒன்று, இரண்டும் லீப். ஆகவே உள்ளே போகும் தேதியில் இருபத்தெட்டைக் கழித்துவிட்டு, வெளியே வரும்போது கூட்டிவிட்டால், எந்திரம் எழுபதுகளில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

பிறகு சோதனை. தனியாக ஒதுக்கிய எந்திரப் பகுதியில் கடிகாரத்தை 1999 டிசம்பர் 31 இரவு பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வைத்துவிட்டு ஓடவிடுவார்கள். 9-9-1999, 29-2-2000, அந்த வருஷத்தின் 366-ஆம் நாள் என்று ஒவ்வொன்றாக. உலகத்துக்கு ஒருமுறை வந்த புத்தாயிரம் இவர்களுக்கு வாரத்துக்குப் பலமுறை வந்துபோனது.

ஜெமினி மேம்பாலத்து வரிசை

கொஞ்ச காலம் இங்கே உட்கார்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆசை ஆன்சைட், அதாவது வாடிக்கையாளரின் நாட்டுக்கே போய் வேலை செய்வது. ஜெமினி மேம்பாலத்தடியில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் விடியுமுன்பே வரிசை நின்றது. 1998 அக்டோபரில் அமெரிக்கா சட்டம் இயற்றி எச்-1பி விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 65,000-த்திலிருந்து 1,15,000 ஆக உயர்த்தியது. ஒய்2கே அவசரமும் அதற்கு ஒரு காரணம். கல்யாணச் சந்தையில் அமெரிக்க மாப்பிள்ளை என்ற வகை தோன்றி, பிள்ளை வீட்டார் தலைநிமிர்ந்து நடந்தார்கள். கணிசமான எண்ணிக்கையில் பெண்களும் இந்த வேலைக்கு வந்தார்கள். ஜாதகத்தோடு விசா நகலும் கேட்கப்பட்டது என்பதைக் கிண்டலாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ஆளை அனுப்பிக் கமிஷன் எடுக்கும் பாடி ஷாப்பிங் கம்பெனிகள் முளைத்தன. அமெரிக்கா போய் இறங்கியபின் வேலை தயாராக இருக்காது. ஒரு அறையில் பலர் படுத்துக்கொண்டு, நேர்முகத்துக்குக் காத்துக்கொண்டு, 'பெஞ்சில்' நாள் தள்ளுவார்கள். சீன மானுடவியலாளர் ஷியாங் பியாவ் ஐதராபாத்திலிருந்து சிட்னிவரை இந்த வலையைப் பின்தொடர்ந்து 'குளோபல் பாடி ஷாப்பிங்' என்ற நூலை 2007-ல் வெளியிட்டார். அவர் அங்கே கண்ட ஏற்பாடு சென்னைக்காரர்களுக்கும் அந்நியமானதல்ல. இன்னொன்றும் சொல்லவேண்டும். பயிற்சிக் கட்டணமும் ஆங்கிலமும்தான் நுழைவுச் சீட்டு. அது கையில் இருந்தது பெரும்பாலும் ஏற்கெனவே இரண்டு தலைமுறை படித்த வீடுகளில். அதே சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்கு இந்த அலையில் கால் நனையவில்லை.

அந்த இரவு

1999 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. இந்தியாவே தொலைக்காட்சியில் கந்தகாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடத்தப்பட்ட ஐசி-814 விமானப் பயணிகள் அன்றுதான் விடுவிக்கப்பட்டார்கள். மாண்டெக் சிங் அலுவாலியா தலைமையில் மத்திய அரசு அமைத்த ஒய்2கே செயல்குழு ஒருபக்கம் கண்காணித்தது. சென்னையின் மென்பொருள் அலுவலகங்களில் புரோகிராமர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இங்கே பன்னிரண்டு அடித்தாலும் அவர்களுக்கு முடியாது. நியூயார்க்கில் பன்னிரண்டு அடிக்க மறுநாள் காலை பத்தரை ஆகும். நியூசிலாந்து முதலில் தாண்டியது, பிறகு ஆஸ்திரேலியா, ஜப்பான். விளக்குகள் எரிந்தன.

சிலது சறுக்கத்தான் செய்தது. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தரவைக் கையாளும் தரைநிலையம் சில நாள் முடங்கியது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் பக்கத்தில் வருஷம் 19100 என்று வந்தது. சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மருத்துவமனை ஒன்றில் கர்ப்பிணிகளின் வயதைத் தவறாகக் கணக்கிட்ட புரோகிராம், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு டவுன் சின்ட்ரோம் வாய்ப்பைத் தவறாகச் சொன்னது. 2000 ஜனவரியில் தொடங்கி மே மாதம்வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நம்பும்படியான பொய் விடை என்று மேலே சொன்னது இதைத்தான்.

புரளி என்பவர்களின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. இத்தாலி, ரஷ்யா போன்ற நாடுகள் அவ்வளவாகச் செலவு செய்யவில்லை, அவையும் பிழைத்துக்கொண்டன. ஜெனரேட்டர் விற்றவர்களும் ஆலோசனை விற்றவர்களும் பயத்தில் லாபம் பார்த்தார்கள் என்பதும் மெய். ஆனால் அந்த நாடுகளில் பழைய மெயின்பிரேம் புரோகிராம் குவியல் அமெரிக்கா அளவுக்கு இல்லை. மேலும், பெரிய நிறுவனங்கள் திருத்தி வெளியிட்ட மென்பொருளே அங்கும் போய்ச் சேர்ந்தது. வங்கியின் இரவு ஓட்டத்தில் பிழையைக் கையால் தொட்டுத் திருத்தியவரிடம் போய் இது புரளி என்றால் அவர் பதிலே சொல்ல மாட்டார்.

இந்தியாவின் மென்பொருள் ஏற்றுமதி 1998-99-ல் சுமார் 260 கோடி டாலர், அடுத்த ஆண்டு சுமார் 400 கோடி டாலர். அதில் ஒய்2கே ஒரு பகுதிதான். ஆனால் அந்த வேலைக்குள் மறைந்திருந்த ஆதாயம் வேறு: ஒரு வங்கியின் புரோகிராம் முழுவதையும் வரிவரியாகப் படித்த ஆட்கள் அந்த வங்கியிலேயே இல்லை, சென்னையில் இருந்தார்கள். 2000-க்குப் பிறகு பராமரிப்பு ஒப்பந்தத்தை வேறு யாரிடம் கொடுப்பார்கள்? 1967-லும் 1971-லும் சைதாப்பேட்டையில் வென்றவரான மு.கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 1997-ல் தகவல் தொழில்நுட்பக் கொள்கை வந்தது. தரமணியில் டைடல் பூங்காவைப் பிரதமர் வாஜ்பாய் 2000 ஜூலை 4 அன்று திறந்துவைத்தார். அதற்குள் நாஸ்டாக் சரியத் தொடங்கியிருந்தது. 2001-ல் பெட்டியோடு திரும்பியவர்களும் உண்டு, கல்யாணம் நின்றுபோன வீடுகளும் உண்டு. அதைப் பற்றி யாரும் அட்டைப்படக் கட்டுரை எழுதவில்லை.

ஜன்னல் வைத்தோம் என்றேனே, அந்த ஜன்னல்கள் மூடத் தொடங்கிவிட்டன. சிலர் எல்லைக்கோட்டை 50-க்குப் பதில் 20-ல் போட்டார்கள். இருபது வருஷத்துக்குள் யாராவது புது சிஸ்டம் எழுதிவிடுவார்கள் என்ற அதே பழைய நம்பிக்கை. 2020 ஜனவரி 1 அன்று நியூயார்க் நகரின் பார்க்கிங் மீட்டர்கள் கிரெடிட் கார்டை ஏற்க மறுத்தன. மென்பொருளில் இருந்த முடிவுத்தேதியைப் புதுப்பிக்காததே காரணம். அதே ஆண்டு ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபோல் தெரிந்தவர்கள் யாராவது உதவ வாருங்கள் என்று நியூஜெர்சி ஆளுநர் செய்தியாளர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டார். எல்லைக்கோட்டை 30-ல், 40-ல் போட்ட புரோகிராம்களின் முறை இனிமேல்தான்.

அதோடு 2038. யூனிக்ஸ் வழிவந்த கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. அதை 32 பிட்டில் வைத்திருக்கும் எந்திரங்களுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு எண் தீர்ந்துவிடும். அடுத்த விநாடி அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்குக் கவலையில்லை. மாறாமல் லிஃப்டிலும் மீட்டரிலும் ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் உட்கார்ந்திருப்பவைதான் சிக்கல். இதற்கும் எச்சரிக்கை வந்தாயிற்று: 2006 மே மாதம், நூறு கோடி விநாடி காத்திரு என்று அமைத்திருந்த ஏஓஎல் சர்வர் மென்பொருள், கூட்டுத்தொகை 2038-ஐத் தாண்டியதும் விழுந்தது. 1970-ல் முப்பது வருஷக் கடன் தடுக்கிய அதே கணக்கு. இன்று சைதாப்பேட்டையில் இருபது வருஷத் தவணையில் ஃபிளாட் வாங்குகிறவரின் கடைசித் தவணைத் தேதியும் 2038-க்கு அப்பால்தான் விழுகிறது.